பாத்கீரா, முற்றமா, செங்கல் முகப்பா: ஈரானின் புது வீடு பழைய வீட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம்?

நடு ஈரானின் காஷான் நகருக்குப் போய் பொருஜெர்தி வீடு, தபாதபாயி வீடு என்ற பழைய மாளிகைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் ஈரானியக் குடும்பம், அடுத்த முறை கட்டடக் கலைஞரைச் சந்திக்கும்போது ஒரு வரியைத் தவறாமல் சொல்லும்: “நம்ம வீட்டிலும் அந்த மாதிரி கொஞ்சம் இருக்கட்டுமே.” அந்தக் ‘கொஞ்சம்’ எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒருவருக்கு வளைவு வைத்த செங்கல் முகப்பு போதும். இன்னொருவர் மொட்டை மாடியில் ‘பாத்கீர்’ என்கிற காற்றுக் கோபுரம் கேட்பார். மூன்றாமவருக்கு நடுவில் தொட்டியும் மாதுளை மரமுமாக ஒரு முற்றம் வேண்டும். மூன்றும் ஒரே செலவு அல்ல, மூன்றும் ஒரே பலனையும் தராது.

பேச்சுக்கு ஒரு மனையை வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளம். தாத்தா, பாட்டி, தம்பதி, இரண்டு பிள்ளைகள். ஊர் யஸ்த் அல்லது இஸ்ஃபஹான். டெஹ்ரானில் கணக்கு எங்கே மாறும் என்பதையும் இடையிடையே சொல்கிறேன். ஈரான் முழுவதற்கும் பொதுவான ‘பழைய வீடு’ என்று ஒன்று கிடையாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. காஸ்பியன் கரையில் கீலான் மாகாணத்து வீடு மரத்தால் ஆனது, சரிந்த கூரை கொண்டது, நாலு பக்கமும் திண்ணைத் தாழ்வாரத்தோடு வெளியைப் பார்த்து நிற்பது. மழை கொட்டும் ஊரில் சுவர் சூழ்ந்த முற்றம் வைத்தால் பாசிதான் பிடிக்கும். மலைச்சரிவு ஊரான மாசூலேயில் கீழ்வீட்டுக் கூரையே மேல்வீட்டுக்கு முற்றம். தெற்கே பூஷெஹரில் கடற்காற்றைப் பிடிக்கத் தெருவின் மேல் துருத்திய மர மாடங்கள் உண்டு. இங்கே பேசப்போவது நடு ஈரானின் வறண்ட பீடபூமி வீட்டைப் பற்றி மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. காஷானில் நாம் வாய்பிளந்து பார்ப்பவை 19-ஆம் நூற்றாண்டின் பெரும் வணிகர்களின் மாளிகைகள். உஸ்தாத் அலி மர்யம் என்ற தலைமைக் கொத்தனார் எழுப்பிய தபாதபாயி வீட்டில் மட்டும் நான்கு முற்றங்கள். அதன் சுண்ணச் சிற்பத்தையும் கண்ணாடி வேலையையும் 250 சதுர மீட்டரில் சுருக்கி வைக்க முயல்வது வீண். அதே காலத்தில் சாதாரண நெசவாளிக்கும் ஒரு வீடு இருந்தது: ஒரு முற்றம், அதைச் சுற்றிச் சில அறைகள், ஒரு நிலவறை. நமக்கு முன்மாதிரியாக ஆகக்கூடியது அதுதான்.

மனையும் விதியும்

ஆசைக்கு முதல் தடை நகராட்சி விதி. ஈரானிய நகரங்கள் பலவற்றில் மனையின் 60 விழுக்காட்டில், அதுவும் வடக்குப் பக்கமாகத்தான் கட்டடம் எழலாம். தெற்கில் 40 விழுக்காடு வெளியாக விட வேண்டும். எல்லா வீட்டுக்கும் தெற்கு வெயில் கிடைக்கட்டும் என்ற நியாயமான எண்ணம்தான். ஆனால் விளைவு வேறு. பழைய வீட்டில் அறைகள் முற்றத்தைச் சுற்றி நின்றன. இப்போது கட்டடம் ஒரு பக்கம் பெட்டியாக நிற்கிறது, வெளி மறுபக்கம் மிச்சமாகக் கிடக்கிறது. பக்கத்து வீடுகளின் மேல்தள ஜன்னல்கள் அத்தனையும் அந்த வெளியைப் பார்க்கின்றன. அங்கே உட்கார்ந்து தேநீர் குடிக்க யாருக்கு மனம் வரும்? கடைசியில் அது கார் நிறுத்தும் இடமாகிறது, ஜன்னல்களுக்குக் கனத்த திரை வருகிறது.

தெருவுக்கு வடக்கே இருக்கும் மனையை ‘ஷொமாலி’ என்பார்கள், தெற்கே இருப்பதை ‘ஜொனூபி’ என்பார்கள். ஷொமாலி வீட்டில் வெளியைக் கடந்துதான் கட்டடத்துக்குள் நுழைய வேண்டும். ஜொனூபி வீட்டில் தெருவிலிருந்து நேராகக் கட்டடம், வெளி பின்னால். மனை வாங்கும்போது விலைக்காக மட்டும் விசாரிக்கப்படும் இந்த வேறுபாடு, பழைய வீட்டின் குணம் எவ்வளவு மிஞ்சும் என்பதையும் தீர்மானிக்கிறது.

அடுத்தது மாடிகள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு தளமா, அல்லது பில்டரோடு சேர்ந்து ஐந்து தளம் கட்டிப் பங்கு பிரிப்பதா? ஐந்து தளம் என்றால் ஒவ்வொரு வீட்டுக்கும் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டும், தரைத்தளம் ‘பீலோத்’ என்கிற தூண் தளமாகிவிடும். அப்போது முற்றம் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும். கீழே வரும் ஒப்பீட்டைப் படிக்கும்போது இந்த ஒரு முடிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகப்பு மட்டும்

இதுதான் எளிது, மலிவு, அதிகம் விற்பது. கடந்த சில பத்தாண்டுகளில் டெஹ்ரானின் வசதியான பகுதிகளில் ‘ரோமானிய முகப்பு’ என்றொரு மோகம் பரவியது. வெள்ளை டிராவர்ட்டின் கல்லில் தூண்களும் மலர்ச் சரங்களும், உள்ளே வழக்கமான அடுக்குமாடி. அதற்கு எதிர்வினைபோல இளம் கட்டடக் கலைஞர்கள் செங்கல்லுக்குத் திரும்பினார்கள். செங்கல்லைத் திருப்பி, உள்வாங்கி, துருத்தி அடுக்கும் வேலைப்பாடு மீண்டும் மதிப்புப் பெற்றது. ரோமானியத் தூணோடு வைத்துப் பார்த்தால் நூறு மடங்கு மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் முகப்பு முகப்புதான். உள்ளே வாழ்க்கை மாறாது. வெயில் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் அதே அளவு அடிக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. செங்கற்களுக்கு இடையே துளை விட்டுக் கட்டும் சல்லடைச் சுவரை அங்கே ‘ஃபக்ர்-ஓ-மதீன்’ என்பார்கள். பழைய வீடுகளின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர்களில் இருக்கும். காற்று வரும், பார்வை வராது. இதை மேற்கு ஜன்னல்களுக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி எழுப்பினால் மாலை வெயிலையும் எதிர்வீட்டுக் கண்ணையும் ஒரே சுவர் பார்த்துக்கொள்ளும். முகப்புக்குச் செலவழிக்கும் பணத்தில் வேலை செய்யும் பகுதி இது ஒன்றுதான் என்பேன்.

செங்கல் முகப்பில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் ஒன்று இருக்கிறது. 2017 நவம்பரில் கெர்மான்ஷா மாகாணத்தை 7.3 அளவு நிலநடுக்கம் உலுக்கியது. சர்போல்-இ ஸஹாபில் அரசுத் திட்டத்தின் கீழ் கட்டிய புது அடுக்குமாடிகளின் சட்டகம் நின்றது, ஆனால் தூண்களுக்கு இடையே நிரப்பிய சுவர்கள் பெயர்ந்து விழுந்தன. ஈரானின் நிலநடுக்கக் கட்டுமான விதிக்கு 2800 என்று எண். அதன் ஆறாம் பின்னிணைப்பு இப்படிப்பட்ட சுவர்களைப் பற்றியது. சுவருக்குள் சிறு எஃகு நிமிர்கம்பம் நட்டுச் சட்டகத்தோடு பிணைக்கும் முறை இப்போது ‘வால்போஸ்ட்’ என்ற பெயரில் எல்லாக் கொத்தனார் வாயிலும் இருக்கிறது. அழகான செங்கல் முகப்புக்கு விலை கேட்கும்போது, பிணைப்பும் சேர்த்தா சேர்க்காமலா என்று கேளுங்கள். குறைந்த விலை சொன்னவர் பெரும்பாலும் அதைத்தான் விட்டிருப்பார்.

முகப்பில் தொடங்கி ஆழமாகப் போன ஒரு கட்டடமும் உண்டு. மஹல்லாத் ஊரின் பொருளாதாரத்தில் பாதிக்கு மேல் கல் வெட்டும் தொழில். வெட்டும்போது வீணாகும் துண்டுகள் மலைபோலக் குவியும். கட்டடக் கலைஞர் ராமின் மெஹ்திஸாதே 2010-இல் முடித்த ஐந்து தள அடுக்குமாடியின் சுவர்கள் அந்தக் கழிவுக் கற்களால் ஆனவை. 2013-ஆம் ஆண்டு ஆகா கான் கட்டடக்கலை விருதின் இறுதிப்பட்டியலுக்கு அது வந்தது. வளைவோ நீல ஓடோ அதில் இல்லை. ஈரானியக் கட்டடக்கலையின் மரபை வகுத்துச் சொன்ன முகம்மது கரீம் பீர்னியா ஐந்து கோட்பாடுகள் தந்தார்: மனித அளவு, வீண் தவிர்த்தல், கட்டுமான உறுதி, உள்ளூர்ப் பொருளில் தன்னிறைவு, உள்நோக்கிய அமைப்பு. வளைவு ஐந்திலும் இல்லை, அலங்காரமும் இல்லை. மஹல்லாத் கட்டடம் நான்காவதைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

முற்றம்

என் சாய்வை மறைப்பதில் பயனில்லை. இடம் கொடுக்க முடிகிறவர்கள் முற்றத்துக்குத்தான் இடம் கொடுக்க வேண்டும்.

யஸ்தில் கோடைப் பகல் 40 டிகிரியைத் தொடும், இரவு அதைவிட ஏறத்தாழ 15 டிகிரி இறங்கும். ஈரமில்லாத தெளிந்த வானம் என்பதால் இரவில் சுவரும் தரையும் வெப்பத்தை வேகமாக இழக்கும். குளிர்ந்த காற்று கனமானது. அது முற்றத்தின் அடியில் தங்கும். உயர்ந்த சுவர்கள் காலை வெயிலைத் தடுப்பதால் அந்தக் குளிர் முற்பகல் வரை கலையாது. நடுவில் ஒரு தொட்டியும் இரண்டு மரமும் இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும். சில வீடுகளில் முற்றத்தின் நடுவையே ஒரு தளம் ஆழத்துக்குத் தோண்டித் தோட்டமாக்கினார்கள். அதற்குக் ‘கோதால் பாக்சே’ என்று பெயர். தோண்டிய மண்ணே வீட்டுக்குச் செங்கல், ஆழத்தில் கனாத் என்கிற நிலத்தடிக் கால்வாயின் நீர் எட்டும் தூரம், மண்ணின் குளிர்ச்சி இலவசம்.

முற்றத்தின் வடக்கே தெற்கு நோக்கிய அறைகள் குளிர்கால இருப்பிடம், தெற்கே வடக்கு நோக்கிய உயர்ந்த கூடம் கோடை இருப்பிடம். குடும்பம் பருவத்துக்கேற்ப வீட்டுக்குள்ளேயே இடம் பெயர்ந்தது. அறைக்குப் படுக்கையறை, சாப்பாட்டறை என்று நிலையான வேலை கிடையாது. பாய் விரித்தால் படுக்கை, துணி விரித்தால் விருந்து. நவீன வீட்டில் இது நடக்காததற்குக் காரணம் கட்டிலும் சோபாவும்தான். அவற்றை ஆண்டுக்கு இரண்டு முறை யார் தூக்குவது? முழுப் பெயர்ச்சி வேண்டாம், ஒரு கூடமாவது வடக்கு நோக்கி இருந்தால் ஜூலை மாதத்துக்குப் பேருதவி.

மேலே சொன்ன 10-க்கு 25 மனையில் இதை எப்படிப் பொருத்துவது? வடக்கில் 10-க்கு 12 மீட்டர் பிரதான கட்டடம் வைத்தால் 120 சதுர மீட்டர். மேற்கு எல்லையை ஒட்டி 3 மீட்டர் அகலத்தில் 10 மீட்டர் நீளத்துக்கு ஒரு தளக் கை நீட்டினால் இன்னும் 30. மொத்தம் 150, சரியாக 60 விழுக்காடு. அந்தக் கை மாலை வெயிலைத் தடுத்து, நடுவில் 7-க்கு 10 மீட்டர் முற்றம் தரும். தெற்கு மதிலை ஒட்டி மிஞ்சும் 3 மீட்டர் பட்டையில் ஒரு கார். கையின் தெற்கு முனையில் நுழைவும் விருந்தினர் அறையும், உள்ளே தள்ளித் தாத்தா பாட்டிக்கு அறை. பழைய வீட்டில் வெளியாருக்கான ‘பீரூனி’, குடும்பத்துக்கான ‘அந்தரூனி’ என்றிருந்த பிரிவு இப்படிச் சின்ன அளவில் திரும்பி வரும். இதற்கு நகராட்சியின் ஒப்புதல் வேண்டும், எல்லாப் பகுதியிலும் கிடைக்காது. வரைபடம் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நுழைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய வீட்டின் தெருக் கதவைத் திறந்தால் முற்றம் தெரியாது. நம் ரேழியைப் போல ஒரு இடைக்கூடம் வரும். பெரும்பாலும் எண்கோண வடிவில் இருக்கும் அதற்கு ‘ஹஷ்தி’ என்று பெயர். அங்கிருந்து ஒரு நடை திரும்பித்தான் முற்றத்துக்குப் போகும். வந்தவர் நிற்கவும் உட்காரவும் இடம், வீட்டுப் பெண்களுக்கு ஒரு நிமிட அவகாசம். இன்றைய அடுக்குமாடியிலோ கதவைத் திறந்தால் வரவேற்பறை, அதை ஒட்டி ஈரானியரே ‘ஓப்பன்’ என்று அழைக்கும் திறந்த சமையலறை. அடுப்பில் குழம்பு கொதிப்பது வாசலில் நிற்கும் கொரியர் பையனுக்குத் தெரியும். 3, 4 சதுர மீட்டர் விட்டுக்கொடுத்து நுழைவை ஒரு முறை திருப்பினால் போதும். செருப்பு அலமாரியும் அங்கேயே அடங்கிவிடும். மொத்த ஒப்பீட்டிலும் குறைந்த இடத்துக்கு அதிகப் பலன் தருவது இதுதான்.

முற்ற வழிக்கு நவீனக் காலத்தில் நல்ல சாட்சி ஷுஷ்தர் புதுநகர். குஸெஸ்தானில் கரும்பு ஆலைத் தொழிலாளர்களுக்காகக் கம்ரான் தீபா 1970-களில் வடிவமைத்தது. செங்கல் வீடுகள், நிழல் விழும் குறுகிய நடைபாதைகள், மேலே உறங்குவதற்கு வசதியாக மறைவுச் சுவர் கொண்ட மொட்டை மாடிகள், பல வேலைக்கும் உதவும் பெரிய அறைகள். 1986-இல் ஆகா கான் விருது பெற்றது. மாளிகைகளின் நகல் எதுவும் இல்லாமல், தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் அளவில் மரபு சாத்தியம் என்பதை அது காட்டியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே தெருவும் வீடும் சேர்த்தே வரையப்பட்டன. தனி மனைக்காரருக்கு அந்த வசதி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு ஐந்து தளம் எழுப்பினால் உங்கள் முற்றம் கிணறாகிவிடும்.

அந்தக் கிணற்றுக்கு ஈரானில் ஏற்கெனவே பெயர் உண்டு: ‘பாஸியோ’. முற்றத்தை இழந்த வீடுகள் நடுவில் வைத்துக்கொண்ட சின்னக் கண்ணாடித் துளை. இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், உள்ளே வாடிய தொட்டிச் செடி, மேலே பிளாஸ்டிக் கூரை. வெளிச்சம் தரும், அடுத்த வீட்டுச் சண்டையையும் தெளிவாகக் கேட்கவைக்கும். முற்றத்தை இந்த அளவுக்குச் சுருக்குவதாக இருந்தால் வேண்டாம். அதே பரப்பைத் தெற்குப் பக்கம் ஆழமான பால்கனியாக மாற்றிக்கொள்ளலாம்.

தண்ணீர்த் தொட்டியிலும் கொஞ்சம் அடக்கம் வேண்டும். யஸ்தில் ஆண்டு முழுக்கப் பெய்வது ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் மழை. இஸ்ஃபஹானில் ஸாயந்தே ரூத் ஆறே பல மாதங்கள் வறண்டு கிடக்கிறது. பெரிய நீல ஓட்டுத் தொட்டி படத்துக்கு நன்றாக இருக்கும், ஆவியாகிப் போகும் நீரைத் தினமும் நிரப்ப மனம் கூசும். ஒரு மீட்டர் அகலத்தில் சின்னத் தொட்டி, சுழலும் நீர், மேலே மர நிழல். அது போதும்.

காற்றுக் கோபுரமும் நிலவறையும்

பாத்கீர் எனப்படும் காற்றுக் கோபுரம்தான் யஸ்தின் முகவரி. தௌலதாபாத் தோட்டத்தில் இருக்கும் எண்கோணக் கோபுரம் 33 மீட்டருக்கு மேல் உயரம். உயரத்தில் காற்று வேகமானது, புழுதியும் குறைவு. அதைப் பிடித்து உள்ளே இறக்கி, அடியில் உள்ள நீர்த்தொட்டியின் மேல் தவழவிட்டு அறைக்குள் அனுப்புவது ஒரு வேலை. காற்றே இல்லாத நாளில் சூடேறிய கோபுரம் உள்ளிருக்கும் வெப்பக் காற்றை மேலே இழுப்பது இன்னொரு வேலை. காற்று ஒரே திசையில் வரும் அர்தகானில் ஒருபக்கக் கோபுரம், பல திசையிலும் வரும் யஸ்தில் நாலு பக்கமும் எட்டு பக்கமும். ஊருக்கு ஊர் வடிவம் மாறுவதிலேயே தெரிகிறது, இது அலங்காரமாகப் பிறந்தது அல்ல.

புது வீட்டில்? பாத்கீர் தன் அடியில் உள்ள ஒரு கூடத்தைத்தான் குளிர்விக்கும். படுக்கையறைகளுக்கு எட்டாது. குளிர்காலத்தில் இறுக்கமாக மூட வேண்டும், இல்லாவிட்டால் ஹீட்டர் சூடு அத்தனையும் அதன் வழியே போய்விடும். பறவையும் பூச்சியும் நுழையும், புயல் நாளில் புழுதி வரும். ஈரானின் தேசியக் கட்டட விதிகளின் 19-ஆம் பகுதி எரிசக்திச் சிக்கனம் பற்றியது. அது கேட்கும் காற்றுக்கசிவில்லாத வீட்டோடு திறந்த கோபுரம் முட்டிக்கொள்ளும். பேராசிரியர் மெஹ்தி பஹாதொரி 1978-இல் ஒரு அமெரிக்க அறிவியல் இதழில் இந்தப் பழைய குளிர்விப்பு முறைகளை உலகத்துக்கு விளக்கினார். பின்னால் அவரே ஈரப்படுத்திய பரப்புகள் கொண்ட புதுவகைக் கோபுரங்களையும் ஆராய்ந்தார். அப்படியொரு வடிவமைப்பைக் கணக்குப் போட்டுச் செய்யத் தெரிந்த பொறியாளர் கிடைத்தால் கட்டுங்கள். கிடைக்காவிட்டால் மாடியில் நிற்கப்போவது நாலு பக்கமும் அடைத்த பொம்மைக் கோபுரம். ஹோட்டல்களிலும் அலுவலகக் கட்டடங்களிலும் அது நிறையவே இருக்கிறது.

உண்மையில் பாத்கீரின் வாரிசு ஏற்கெனவே எல்லா மொட்டை மாடியிலும் உட்கார்ந்திருக்கிறது. ‘கூலெர்-இ ஆபி’ எனப்படும் தகரப் பெட்டிக் கூலர். ஈரமான மரச்சீவல் திண்டு வழியே காற்றை இழுத்து வீட்டுக்குள் தள்ளுகிறது. பழைய கோபுரமும் தொட்டியும் சேர்ந்து செய்ததை ஒரு மோட்டார் செய்கிறது. பார்க்க அசிங்கம், தண்ணீரும் குடிக்கும், ஆனால் வறண்ட ஊரில் ஏசியைவிட மின்சாரம் மிகக் குறைவு. அதற்குச் செங்கல் சல்லடை மறைவு கட்டி, நிழல் கொடுத்து, மாடிப்படி உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு வைத்தால், பொம்மைக் கோபுரத்துக்கு ஆகும் பணத்தில் பாதிகூட ஆகாது என்பது என் கணிப்பு.

நிலவறை வேறு கதை. சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறாது. தெஸ்ஃபூலிலும் ஷுஷ்தரிலும் பாறையைக் குடைந்து ஆழமாக இறங்கும் ‘ஷவாதூன்’கள் இதற்குச் சான்று. தனி வீடு என்றால், கார் நிறுத்தவும் சாமான் போடவும் மட்டும் அடித்தளம் தோண்டாமல், முற்றத்தைப் பார்த்த உயர ஜன்னலோடு ஒரு அறையாகக் கட்டிக்கொள்ளலாம். கோடைப் பிற்பகல் உறக்கத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மண்ணுக்கடியில் போகும் ஈரத்தடுப்பில் மட்டும் கஞ்சம் பிடிக்கக் கூடாது.

பழைய வீட்டையே வாங்கினால்

கலப்பதற்குப் பதில் அசலையே வாங்கலாமே? யஸ்தின் பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அங்கும் காஷானிலும் வாங்கிச் சீரமைத்த வீடுகளில் பல இன்று தங்கும் விடுதிகள். விடுதியாவதற்குக் காரணம் உண்டு. கார் நுழையாத சந்து, முற்றத்தைக் கடந்து போக வேண்டிய கழிப்பறை, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வைக்கோல் மண் பூச்சு. விருந்தாளிக்கு இரண்டு நாள் இனிக்கும், வயதான பாட்டிக்கு ஜனவரி இரவில் இனிக்காது. தேசிய மரபுப் பதிவு இருந்தால் ஒரு சுவரை நகர்த்தவும் அனுமதி வேண்டும்.

அதைவிடப் பெரிய கேள்வி பாம் நகரம் எழுப்பியது. 2003 டிசம்பர் 26 அன்று 6.6 அளவு நிலநடுக்கத்தில் அங்கே 25,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சுடாத பச்சைச் செங்கல் சுவரும் கனத்த மண் கூரையும் இடியும்போது பொடியாகி விழுந்து இடைவெளியில்லாமல் மூடிவிடுகின்றன. சட்டகம் விழுந்தால் இடுக்கில் மூச்சு விட இடம் மிஞ்சக்கூடும், மண் வீட்டில் அதுவும் மிஞ்சாது. ஆகவே மண் வீடு வாங்குகிறவர் சுண்ண வேலைப்பாட்டைப் பார்க்கும் முன் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப்போக வேண்டும். வலுப்படுத்தும் செலவு வீட்டு விலையைத் தாண்டினால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

மண்ணின் மேல் காதல் தீராதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஈரானில் பிறந்து கலிஃபோர்னியாவில் பள்ளி நடத்திய கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, மண் நிரப்பிய பைகளை வளையமாக அடுக்கி நடுவே முள்கம்பி வைத்துக் குவிமாடம் எழுப்பும் முறையை உருவாக்கினார். ஹோர்முஸ் தீவில் அதே முறையில் வண்ண வண்ணக் குவிமாடங்களாக எழுந்த மஜாரா தங்குமிடம் 2025-இல் ஆகா கான் விருது பெற்றது. ஆனால் அது பயணிகளுக்கான இடம். நகரத்து மனையில் வட்ட அறைக்கு அலமாரி பொருத்திப் பார்த்தால் சிரமம் புரியும்.

சுழலும் அறைகள்

வடிவத்தை அறவே விட்டுவிட்டுக் கருத்தை மட்டும் எடுத்த வீடும் டெஹ்ரானில் இருக்கிறது. அலிரெஸா தகாபொனி 2013-இல் முடித்த ஷரீஃபிஹா வீட்டில் மூன்று அறைகள் மின்விசையால் 90 டிகிரி திரும்பும். கோடையில் வெளியே திரும்பி மாடங்களைத் திறக்கும், குளிரில் உள்ளே மடங்கி முகப்பை மூடும். கோடை இருப்பிடம், குளிர்கால இருப்பிடம் என்ற பழைய எண்ணமே இயந்திரமாகியிருக்கிறது. இதுவரை பார்த்ததில் மூளைக்கு அதிக விருந்து தருவது இதுதான், சாதாரணக் குடும்பத்துக்கு மிகக் குறைவாகப் பயன்படுவதும் இதுதான். திரும்பும் மேடை பழுதானால் நாடக அரங்கத் தொழில்நுட்பம் தெரிந்தவரைத் தேட வேண்டும். ஆனால் தெற்குச் சுவரில் மடக்குக் கதவுகளும் நகரும் மரச் சட்டங்களும் வைத்து இதே குணத்தில் கொஞ்சம் பெறலாம்.

எந்த வரிசையில் செலவழிப்பது

ஒரு குடும்பம், இரண்டு தளம், நகராட்சியும் ஒத்துழைக்கிறது என்றால்: கான்கிரீட் அல்லது எஃகுச் சட்டகம், மேற்குக் கையோடு முற்றம், திரும்பிச் செல்லும் நுழைவு, வடக்கு நோக்கிய ஒரு கோடைக் கூடம், காசு மிஞ்சினால் முற்றத்தைப் பார்த்த நிலவறை. முகப்புக்கு எளிய செங்கல், சரியான பிணைப்போடு. பாத்கீர் வேண்டாம்.

நகராட்சி மறுத்துவிட்டால் கட்டடம் வடக்குப் பெட்டியாகவே இருக்கட்டும். முற்றத்தின் வேலையைத் தெற்கில் ஆழமான தாழ்வாரம் செய்யட்டும். பழைய வீட்டின் ‘ஐவான்’ அதுதான். டெஹ்ரானில் ஜூன் நடுப்பகல் சூரியன் 78 டிகிரி உயரத்தில் நிற்கும், டிசம்பரில் 31 டிகிரிதான். இரண்டரை மீட்டர் உயர ஜன்னலுக்கு உச்சக் கோடை நடுப்பகலில் அரை மீட்டர் நீட்சியே நிழல் தந்துவிடும். ஒன்றரை மீட்டர் ஐவான் ஆகஸ்டையும் சமாளிக்கும், குளிர்கால வெயிலையும் உள்ளே விடும். பக்கங்களில் சல்லடைச் சுவர் வைத்தால் பார்வைத் தொல்லையும் தீரும். அப்போதுதான் அது சாமான் போடும் பால்கனியாகாமல் இருக்கும்.

ஐந்து தள அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்குகிறவருக்கு மிஞ்சுவது நுழைவும் ஜன்னலும்தான். நுழைவுக்கு மேலே சொன்னதே. ஜன்னலில் ஒரோசி கேட்பவர்கள் அதிகம். மேலே தள்ளித் திறக்கும் மரச் சட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதித்தது. (அந்த வண்ணங்கள் கொசுவை விரட்டும் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையை நம்பி வாங்காதீர்கள்.) ஒற்றைக் கண்ணாடி என்பதால் வெளிச்சுவரில் வைத்தால் குளிர்காலத்தில் வீடு சூடு தாங்காது. வெளியே இரட்டைக் கண்ணாடி ஜன்னல், அதற்கு உட்புறம் ஒரோசி என்று இரண்டடுக்காக வையுங்கள். அல்லது கூடத்துக்கும் திறந்த சமையலறைக்கும் நடுவே தடுப்பாகப் போடுங்கள். தெற்கு வெயில் எட்டும் இடமாக இருந்தால் வண்ணம் தரையில் விழும், விருந்தாளி வரும் நாளில் கீழே இறக்கிவிட்டால் அடுப்பும் மறையும்.